மாம்பழப் பெட்டியும் விமான டிக்கெட்டும்

கிருஷ்ணகிரியிலிருந்து டெல்லிக்கு, மகள் வீட்டுக்குப் போகிறவள் மாம்பழம் இல்லாமல் கிளம்ப முடியுமா? போன கோடையில் அந்தப் பெட்டிதான் என்னை மாட்டிவைத்தது. உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குப் பெரும்பாலும் 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. எனக்கு 3 கிலோ கூடிவிட்டது. கவுண்டரில் கட்டிய பணத்துக்கு இன்னும் இரண்டு கூடை செந்தூரா வாங்கியிருக்கலாம்!

இப்போது முந்தைய நாளே தெருமுனை மளிகைக் கடைத் தராசில் பெட்டியை ஏற்றிப் பார்த்துவிடுகிறேன். கடைக்காரர் சிரிக்கிறார், சிரிக்கட்டும். எடை மிஞ்சுமென்று தெரிந்தால் இணையத்திலேயே முன்கூட்டிக் கட்டிவிடுங்கள். கவுண்டரைவிடக் குறைவாகவே இருக்கும். இருக்கைக்குத் தனிக் காசு கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள். இணையத்திலேயே போர்டிங் பாஸ் எடுக்கும் வெப் செக்-இன் செய்யும்போது ஏதோ ஓர் இடம் தானாகவே கிடைத்துவிடும், நடு இருக்கையாக இருந்தாலும் ஏறக்குறைய மூன்று மணி நேரம்தானே. விலையை ஒப்பிடும்போது முதலில் காட்டும் தொகையை நம்பாமல், பணம் கட்டும் கடைசித் திரை வரை போய்ப் பாருங்கள்.

நாங்கள் விமானம் ஏறும் பெங்களூரு விமான நிலையம் நகரத்தைத் தாண்டி வடக்கே, தேவனஹள்ளியில் இருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து டாக்சி பிடித்தால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அத்தனையும் போய்விடும். பெங்களூரு வரை பஸ், அங்கே மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பஸ். தர்மபுரிக்காரர்கள் சென்னைக்குப் பறப்பதென்றால் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.