முதல் கேமரா வாங்கும்போது காசு வீணாகும் இடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் புதிதாகக் கேமரா பிடிப்பவர் எதையெல்லாம் எடுப்பார்? மாரியம்மன் கோயில் தீமிதி, விடியுமுன் கிளம்பும் காவடி, தகரக் கூரை மண்டபத்தில் கல்யாணம், தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா, அதிகாலை ரப்பர் பால்வெட்டு. பெரும்பாலும் வெளிச்சம் போதாத இடங்கள். இதை யோசிக்காமல் ‘எத்தனை மெகாபிக்சல்?’ என்று கேட்டுக்கொண்டு கடையேறுவதுதான் முதல் தவறு. ஏ4 அளவில் தெளிவாக அச்சிட 9 மெகாபிக்சல் போதும். பத்தாண்டுப் பழைய கேமராவில்கூட 16, 18, 24 என்று இருக்கிறது. அந்தக் கேள்வியை அத்தோடு விட்டுவிடலாம்.

காசு முழுவதையும் பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) கொட்டிவிட்டு, கூடவே வரும் 18-55 எம்.எம். கிட் லென்ஸோடு நின்றுவிடுவது இதைவிடப் பெரிய தவறு. அந்த லென்ஸை 55 வரை நீட்டினால் ஒளி நுழையும் துளை எஃப்/5.6 ஆகச் சுருங்கிவிடும் (எஃப் எண் குறைந்தால் துளை பெரிது). எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐ.எஸ்.ஓ (ஒளி உணர்திறன்; கூடினால் படம் புள்ளி புள்ளியாகும்) 6400 கேட்கும் காட்சிக்கு, அதே ஷட்டர் வேகத்தில், இதில் 640 போதும். இன்னும் விலை உயர்ந்த பாடியை வாங்கினாலும் அவ்வளவு வித்தியாசம் கிடைக்காது. கையில் 2,000 வெள்ளி (ரிங்கிட்) இருந்தால் பயன்படுத்திய பாடியும் கிட் லென்ஸும் 1,200-க்குள் முடியட்டும். மீதி ஒரு பிரைம் லென்ஸுக்கும் (ஜூம் இல்லாத, எஃப்/1.8 போன்ற லென்ஸ்) கார்டுக்கும் உபரி பேட்டரிக்கும், கட்டாயமாக ஈரப் பாதுகாப்புக்கும். ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். அது நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். உருமி அடிப்பவரின் கையை உறையவைக்க 1/250 நொடி அல்லது அதற்கு மேல் ஷட்டர் வேகம் வேண்டும்.

பிரைம் என்றதும் எல்லாரும் 50 எம்.எம். பக்கம் போகிறார்கள். தொடக்க நிலைக் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் சிறிய ஏ.பி.எஸ்-சி சென்சாரில் அதை 1.5 ஆல் (கெனனில் 1.6 ஆல்) பெருக்கிப் பார்க்க வேண்டும். 75, 80 எம்.எம். போல, காட்சியைக் குறுக்கிக் காட்டும். முகப்படத்துக்கு அருமை. லயத்து வீட்டுக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்) கூடத்தில் குடும்பம் மொத்தத்தையும் எடுக்கப் பார்த்தால், முதுகு சுவரில் முட்டினாலும் ஆட்கள் அடங்க மாட்டார்கள். வீட்டுக்குள் அதிகம் எடுப்பவர் 35-ஐயோ 24-ஐயோ பார்க்கட்டும்.

மவுண்ட் (லென்ஸை மாட்டும் வாய்) பொருந்தினால் எல்லாம் பொருந்தியது என்றும் நம்பிவிடக் கூடாது. நிக்கோன் டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கும் பழைய ஏ.எஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் திருப்ப வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏ.எஃப்-எஸ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கெனனின் எம் வரிசை நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த லென்ஸ்கள் இன்றைய ஆர் வரிசைப் பாடியில் ஏறா.

‘ஏ.பி. செட்’ என்று விலை குறைத்துச் சொல்லப்படுவது, அதிகாரபூர்வ முகவர் வழி வராத சரக்கு. உத்தரவாதம் அந்தக் கடையோடு சரி. பழுதானால் ஒவ்வொரு முறையும் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ தூக்கிப் போக முடியுமா என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பயன்படுத்திய பொருளை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். போகும்போது ஒரு டார்ச் லைட்டும் உங்கள் சொந்த கார்டும் கொண்டுபோங்கள். லென்ஸைக் கழற்றி, துளையை முழுதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல இழை தெரிந்தால் அது பூஞ்சை. துடைத்தால் போய்விடும் என்பார்கள்; கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் இருக்கும். துளைத் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தாலும் வேண்டாம். பிறகு எஃப்/16-இல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். சென்சாரின் அழுக்கெல்லாம் கரும்புள்ளியாகத் தெரியும். நிக்கோன் படக்கோப்பிலேயே ஷட்டர் எண்ணிக்கை (இதுவரை எத்தனை முறை திறந்து மூடியது) பதிவாகும். தொடக்க நிலைப் பாடிகள் பலவும் 1 லட்சம் சுமாராகத் தாங்கும்படி செய்யப்பட்டவை. 80,000 தாண்டியிருந்தால் விலை அதற்கேற்ப இறங்க வேண்டும்.

பூஞ்சை நம் வீட்டிலும் வரும். இங்கே காற்றின் ஈரப்பதம் பல நாள் 80 விழுக்காட்டைத் தொடுகிறது. 60-ஐத் தாண்டினாலே பூஞ்சைக்கு வசதி. கேமராப் பையில் போட்டு அலமாரியில் பூட்டிவைப்பதுதான் மோசம், பையின் பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அரிசிப் பானைக்குள் புதைப்பதும் வேண்டாம். மாவுத் தூசிதான் உள்ளே போகும். மின்சார உலர்பெட்டிக்குக் காசில்லையென்றால், ரப்பர் விளிம்போடு இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சின்ன ஈரமானி, சிலிக்கா ஜெல் போதும். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்கட்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றிவிடுங்கள். அவற்றில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்தவுடன் பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி வியர்க்கும்.

எஸ்.டி. கார்டில் வி30 என்ற வேகக் குறி பாருங்கள். வாங்கியதும் முழுதும் நிரப்பிச் சோதியுங்கள், போலிகள் பாதியில் படங்களை விழுங்கும். லென்ஸ் முன் மாட்டும் மலிவு யூ.வி. ஃபில்டர் வேண்டாம், இரவு விளக்குகள் முன் பேயொளி (இல்லாத ஒளிப்புள்ளிகள்) வரும். ஃபிளாஷ் வாங்கினால் தலை மேல்நோக்கித் திரும்ப வேண்டும். ஆனால் உயரமான தகரக் கூரையில் அந்த ஒளி திரும்பி வராது. பக்கத்து வெள்ளைச் சுவரில் அடித்துப் பழகுங்கள். ஃபிளாஷோடு 1/200-க்கு மேல் போனால் பல பாடிகளில் படத்தின் ஒரு பகுதி கறுப்பாகிவிடும். ஃபிளாஷ் இல்லாமல் மண்டபத்துக் குழல்விளக்கில் எடுக்கும்போது கோடு கோடாக விழுந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டரை 1/100-க்கு இறக்குங்கள், கோடு மறையும்.