புதுச் சுவிட்ச் தானே கான்ஃபிகர் ஆக: ஜீரோ டச் ப்ரொவிஷனிங் அமைக்கும் முறை

புதுச் சுவிட்சை ரேக்கில் மாட்டி, மேல் சுவிட்சுக்குப் போகும் அப்லிங்க் கேபிளைச் செருகி, பவர் கொடுத்தால் போதும்; மீதியை அதுவே வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்கான வேலை பெரும்பாலும் புதுச் சுவிட்சில் இல்லை. ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிலும், மேலே இருக்கும் சுவிட்சின் போர்ட்டிலும்தான் இருக்கிறது.

ஸ்டார்ட்அப் கான்ஃபிக் (பூட் ஆகும்போது படிக்கும் சேமித்த அமைப்பு) இல்லாத சுவிட்ச் பூட் ஆனதும் டிஹெச்சிபி கேட்கும். டிஹெச்சிபி பதிலில் ஆப்ஷன் எனப்படும் எண்ணிட்ட புலங்கள் உண்டு. ஐபி, கேட்வேயுடன் 67ஆம் ஆப்ஷனில், சுவிட்சை அமைக்கும் ஸ்கிரிப்ட்டின் முழு யுஆர்எல்லைக் கொடுங்கள். ஃபைல் பெயரை மட்டும் ஏற்கும் மாடல் என்றால், சர்வர் முகவரி 66 அல்லது 150இல் போக வேண்டும். ஜூனிபர் 43ஆம் ஆப்ஷனின் உட்பிரிவுகளைப் பார்க்கும். குமுலஸ் லினக்ஸ் 239ஐ. பல பிராண்டுகள் கலந்திருந்தால், சுவிட்ச் தன் பிராண்டைச் சொல்லி அனுப்பும் 60ஆம் ஆப்ஷனைக் கொண்டு டிஹெச்சிபியில் தனித்தனி கிளாஸ் பிரித்துவிடுங்கள்.

ஓஎஸ் இமேஜை டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் பரிமாற்ற சர்வரில் வைக்காதீர்கள். வழக்கமாக அது 512 பைட் அனுப்பிவிட்டு ஒவ்வொரு முறையும் பதிலுக்குக் காத்திருக்கும். நூற்றுக்கணக்கான எம்பி இமேஜுக்கு அது ஆகாது. ஹெச்டிடிபி போதும்.

எல்லாச் சுவிட்சுக்கும் ஒரே ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அது சீரியல் நம்பரைப் படித்து, அந்தப் பெயரில் உள்ள கான்ஃபிக்கை இறக்கட்டும். மேக் முகவரியை நம்பினால் குழப்பம்தான்: மேனேஜ்மென்ட் போர்ட்டுக்கு ஒன்று, விலான் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) இன்டர்ஃபேஸுக்கு வேறொன்று. பட்டியலில் இல்லாத சீரியல் வந்தால் எதையும் கொடுக்காமல் லாக் மட்டும் செய்வதே பாதுகாப்பு.

ஸ்கிரிப்ட் முதலில் ஓஎஸ் பதிப்பைச் சோதிக்க வேண்டும். வேறாக இருந்தால் இமேஜை இறக்கி, ஃபைல் சிதையவில்லை என ஷா-256 கொண்டு சரிபார்த்து, நிறுவி, ரீலோட். ஸ்டார்ட்அப் கான்ஃபிக் இன்னும் இல்லாததால் அதே ஸ்கிரிப்ட் மறுபடி ஓடும். இம்முறை பதிப்பு பொருந்துவதால் கான்ஃபிக்கை எழுதிச் சேமிக்கும். இந்தச் சோதனையை விட்டுவிட்டால் சுவிட்ச் முடிவில்லாமல் ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கும். சேமிக்க மறந்தால் அடுத்த பூட்டில் எல்லாம் மறுபடி தொடங்கும்.

அதிகம் சிக்குவது மேலுள்ள போர்ட்டில். புதுச் சுவிட்ச் விலான் எண்ணைச் சொல்லும் டேக் இல்லாமல்தான் பேசும். எனவே ட்ரங்கின் (பல விலான்களைச் சுமக்கும் போர்ட்டின்) நேட்டிவ் விலான், அதாவது டேக் இல்லாத டேட்டா சேரும் விலான், ப்ரொவிஷனிங் விலானாக இருக்க வேண்டும். நெட்வொர்க்கில் லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயின் பழைய வகை ஓடினால் போர்ட் திறக்க 30 விநாடி ஆகும், அதற்குள் டிஹெச்சிபி முயற்சிகள் வீணாகலாம். அந்தப் போர்ட்டை, காத்திருக்காமல் திறக்கும் எட்ஜ் போர்ட் ஆக்குங்கள். அப்லிங்க், பல கேபிளை ஒன்றாகக் கட்டும் போர்ட் சேனலில் இருந்தால், அந்தக் கட்டைப் பேசி அமைக்கும் எல்ஏசிபியின் பதில் வராத போர்ட்டை மேல் சுவிட்ச் முடக்கிவிடும். அரிஸ்டா சுவிட்சில், பதில் வராவிட்டாலும் போர்ட்டை இயங்கவிடும் எல்ஏசிபி ஃபால்பேக்கை இயக்குங்கள். சிஸ்கோ நெக்ஸஸில் தனிப் போர்ட்டை முடக்கும் அமைப்பை நீக்குங்கள்.

ஹெச்டிடிபிஎஸ் என்றால் சுவிட்சின் கடிகாரத்தையும் கவனியுங்கள். தேதி தவறானால் சான்றிதழ் தோற்கும். டிஹெச்சிபி யார் பதில் சொன்னாலும் நம்பிவிடும் என்பதால் ப்ரொவிஷனிங் விலானைத் தனியே பூட்டி வையுங்கள். வெளியிடங்களுக்கு அனுப்பும் சுவிட்ச் என்றால், 2019இல் வந்த ஆர்எஃப்சி 8572 சொல்லும் பாதுகாப்பான முறையை ஆதரிக்கும் மாடலே நல்லது.

கோளாறு தேட டிஹெச்சிபி லாகையும் வெப் சர்வர் லாகையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். டிஹெச்சிபி உரையாடலில் சுவிட்ச் கேட்பது டிஸ்கவர், சர்வர் தருவது ஆஃபர், இறுதியில் உறுதி செய்வது ஆக். டிஸ்கவரே வரவில்லையா, கோளாறு போர்ட் அல்லது விலானில். ஆஃபர் போன பிறகும் டிஸ்கவரே திரும்பத் திரும்ப வருகிறதா, பதில் சுவிட்சை எட்டவில்லை, அல்லது தேவையான ஆப்ஷன் அதில் இல்லை. ஆக் போயும் வெப் லாக் காலியா, கேட்வே அல்லது ஃபயர்வால். 404 (ஃபைல் இல்லை) என்றால் சீரியல் பெயரில் எழுத்துப் பிழை இருக்கலாம். ஃபைல் இறங்கியும் ஸ்கிரிப்ட் ஓடவில்லையென்றால், விண்டோஸில் சேமித்த வரி முடிவுகளை முதலில் பாருங்கள்.