மெட்ராஸ் ஐ: கண் சிவந்ததும் செய்யக் கூடாதவை

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். பொறுக்க முடியாமல் கண்ணில் எதையாவது விடும்போதுதான் பல நேரம் சிக்கல் வருகிறது.

சிவந்த கண்ணெல்லாம் ஒரே நோய் இல்லை. தண்ணீராக வடிந்து, மணல் விழுந்ததுபோல உறுத்தி, ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் மறு கண்ணுக்கும் பரவினால் அது பெரும்பாலும் அடினோவைரஸின் வேலை. காதுக்கு முன்னால் நெறி கட்டியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். துடைக்கத் துடைக்க மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான பீளை வந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். இரண்டு கண்ணிலும் ஒரே சமயத்தில் தாங்க முடியாத அரிப்பு என்றால் ஒவ்வாமை. அது யாருக்கும் தொற்றாது. காலையில் இமை ஒட்டிக்கொள்வது வைரஸிலும் உண்டு, அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

போன முறை மிஞ்சிய சொட்டு மருந்தையோ பக்கத்து வீட்டுக்காரர் பரிந்துரைத்ததையோ விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. அதைவிடப் பெரிய ஆபத்து, அதனுடன் ஸ்டீராய்டும் கலந்திருப்பது. டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று லேபிளில் இருந்தால் அது ஸ்டீராய்டு. விட்டதும் சிவப்பு குறைவதால் மருந்து வேலை செய்வதாகத் தோன்றும். உண்மையில் அடங்குவது அழற்சி மட்டுமே. வைரஸ் கண்ணில் இன்னும் அதிக நாள் தங்கும். வந்தது ஹெர்பிஸ் வைரஸாக இருந்துவிட்டால் கருவிழியில் புண் பரவி, நிரந்தரத் தழும்பே விழலாம். தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் கூடும். கருவிழி பாதிக்கப்பட்ட சிலருக்கு மருத்துவரே ஸ்டீராய்டு தருவதுண்டு. ஆனால் அது கருவியில் கண்ணைப் பரிசோதித்த பிறகு, கண்காணிப்போடு தருவது. தாய்ப்பால், தேன், இலைச்சாறு எதுவும் வேண்டாம். அவற்றில் புதுக் கிருமி இருக்கலாம்.

வைரஸ் வகைக்குத் தேவைப்படுவது கொஞ்சம்தான்: சுத்தமான துணியில் குளிர்ந்த ஒத்தடம், உறுத்தலுக்குச் செயற்கைக் கண்ணீர். பீளையைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு.

சொட்டு மருந்து விடும்போது குப்பி முனை இமையிலோ ரோமத்திலோ பட்டால் குப்பிக்குள்ளேயே கிருமி ஏறிவிடும். கீழிமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு போதும், கண்ணில் அதற்கு மேல் இடமில்லை. கண்ணை மூடி ஒரு நிமிடம் இருங்கள். இரண்டு மருந்து என்றால் இடையே 5 நிமிடமாவது விடுங்கள்.

பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது பொய். கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தால் வரும் கண் கூச்சத்துக்கு உதவும், தொற்றைத் தடுக்காது. பரப்புவது கைகள், துண்டு, தலையணை உறை, கண் மை. அடினோவைரஸ் உலர்ந்த பரப்பிலும் பல நாள் உயிரோடிருக்கும். சானிடைசரும் அதனிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்பு போட்டு 20 விநாடி கழுவுவதே மேல். கண்ணில் நீர் வடிவது நிற்கும்வரை தொற்றும் என்றே கொள்ளுங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் உடனே அதைக் கழற்றிவிட்டு, அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவர்களுக்குச் சிவப்பு என்பது கருவிழிப் புண்ணாகவும் இருக்கலாம். நோயின்போது போட்டிருந்த லென்ஸையும் அதன் டப்பாவையும் தூக்கிப் போடுங்கள்.

கண்ணுக்குள் கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமை, சிமிட்டினாலும் தெளியாத மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தையின் கண்ணில் பீளை வந்தால் அதே நாளில் காட்ட வேண்டும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கொனோரியா கிருமி சில நாளிலேயே பார்வையைப் பறித்துவிடக்கூடியது.