பல்லணு அயன்: அடைப்புக்குறி எங்கே வரும், எங்கே வராது?

பல அணுக்கள் ஒன்றாக ஒட்டி, ஒரே கூட்டமாக ஏற்றம் சுமப்பதுதான் பல்லணு அயன். அதை வைத்துச் சூத்திரம் எழுதும்போது அடைப்புக்குறி எங்கே போடுவது என்று, சாதாரண தரத்துக்குப் படிக்கும் அக்கா மகளுக்குப் போன மாதம் சொல்லிக்கொடுத்தேன். ஹட்டனில் நான் படித்த காலத்தில் என்னைப் பல நாள் அலைக்கழித்த பாடம் இது. அணு, ஏற்றம், வலுவளவு மூன்றும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஆறு அயன்களை மனப்பாடம் செய்யுங்கள். அமோனியம் நேர் 1. ஐதரொட்சைட்டு, நைத்திரேற்று இரண்டும் மறை 1. காபனேற்று, சல்பேற்று மறை 2. பொசுபேற்று மறை 3. இதற்குக் குறுக்குவழி தேட வேண்டாம்.

அடுத்தது, அந்த ஏற்றம் யாருடையது என்று பாருங்கள். சல்பேற்றில் ஒரு கந்தகமும் நான்கு ஒட்சிசனும் பங்கீட்டு வலுப் பிணைப்பால் ஒட்டியிருக்கின்றன. மேலே எழுதும் மறை 2 கடைசி ஒட்சிசனுக்கு மட்டும் உரியதல்ல. ஐந்து அணுக்களும் சேர்ந்த கூட்டத்திடம் இரண்டு இலத்திரன் கூடுதலாக இருக்கிறது.

இனி நான் இடறிய இடம். தோட்டத்து ஸ்டோரில் சீனி போல வெள்ளையாக இருக்கும் அமோனியம் சல்பேற்று உரத்தை எடுத்துக்கொள்வோம். அமோனியம் என்பது ஒரு நைதரசனும் நான்கு ஐதரசனும் சேர்ந்த கூட்டம். சல்பேற்றின் மறை 2ஐச் சரிக்கட்ட, நேர் 1 உள்ள அமோனியம் இரண்டு தேவை. சரி என்று ஐதரசனுக்குக் கீழே இருந்த 4க்குப் பக்கத்திலேயே ஒரு 2 போட்டேன். அது 42 ஐதரசன் ஆகிவிட்டது! சேர் சிவப்புப் பேனாவால் சுழித்த பிறகும் எனக்குப் பிழை புரியவில்லை. நமக்கு இரட்டிக்க வேண்டியது ஐதரசனை அல்ல, அமோனியம் என்ற முழுக் கூட்டத்தை. அதனால் நைதரசனையும் நான்கு ஐதரசனையும் அடைப்புக்குள் போட்டு, அடைப்புக்கு வெளியே கீழே 2 எழுத வேண்டும். எண்ணிப் பாருங்கள்: நைதரசன் 2, ஐதரசன் 8, கந்தகம் 1, ஒட்சிசன் 4. சல்பேற்று ஒன்றுதான், அதற்கு அடைப்பு வேண்டாம். சோடியம் சல்பேற்றில் சோடியம் இரண்டு வந்தாலும் அடைப்பு இல்லை, ஏனென்றால் அது தனி அணு.

இன்னும் பிடிபடாவிட்டால் பால்மாப் பெட்டி அட்டையை வெட்டுங்கள். நேர் அயனுக்கு ஏற்றம் எத்தனையோ அத்தனை பல், மறை அயனுக்கு அத்தனை பள்ளம். பல்லெல்லாம் பள்ளத்தில் உட்கார்ந்தால் சூத்திரம் சரி. போன் செயலிகளை நான் விரும்புவதில்லை; அவை விடையைச் சட்டென்று காட்டிவிடும், பிள்ளைக்குக் கை பழகாது.

பயிற்சிக்கு டொலமைட். தேயிலை மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கப் போடுவார்களே, அதுதான். கல்சியம் ஒன்று, மக்னீசியம் ஒன்று, இரண்டும் நேர் 2. மொத்தம் 4 என்பதால் காபனேற்று இரண்டு வேண்டும். ஒரு காபனேற்றில் ஒரு காபனும் மூன்று ஒட்சிசனும் இருக்கும். இங்கே காபனேற்றுக்கு அடைப்பு வரும். ஒட்சிசன் எத்தனை? 6 வந்தால் உங்களுக்குப் புரிந்துவிட்டது.

பின்சேர்க்கை: யூரியாவை எப்படி அயன்களாகப் பிரிப்பது என்று இருவர் கேட்டிருந்தார்கள். பிரிக்க முடியாது. அதுவும் நைதரசன் உரம்தான், ஆனால் அது மூலக்கூறு, அதில் அயன் கிடையாது. அப்புறம், பெயர்களில் எழுத்தைக் கவனியுங்கள். சல்பைட்டு என்றால் கந்தகம் மட்டும், சல்பைற்று என்றால் மூன்று ஒட்சிசன், சல்பேற்று என்றால் நான்கு. மூன்றுக்கும் ஏற்றம் மறை 2 என்பதால் அட்டை மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.