கிராபிக்ஸ் கார்ட் வாங்க முதல் பவர் சப்ளையைப் பாருங்கள்

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் கன வீடுகளில் இருப்பது அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெஸ்க்டொப் பெட்டிகள்தான். கேம் விளையாடவோ வீடியோ எடிட் பண்ணவோ அதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்ட் போட நினைத்தால், விலை கேட்க முதல் பெட்டியைத் திறந்து, உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையின் லேபிளை வாசியுங்கள்.

பெரிய எழுத்தில் இருக்கும் மொத்த வாட்ஸை நம்ப வேண்டாம். 12 வோல்ட்டுக்கு எத்தனை அம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றால் 216 வாட்ஸ். புரொசசரும் கார்ட்டும் அதற்குள் அடங்க வேண்டும். 500 வாட்ஸ் என்று ஒட்டி மலிவாக விற்கும் சிலதில் இந்தக் கணக்கைப் போட்டால் சிரிப்புத்தான் வரும்.

கார்ட்டைச் செருகும் இடமான மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் தருவது அதிகபட்சம் 75 வாட்ஸ். ஜிடிஎக்ஸ் 1650 கார்ட்டில் தனி பவர் வயர் கேட்காத மொடல்கள் உண்டு. அதோடு நின்றால் பெரும்பாலும் பவர் சப்ளையை மாற்றாமலே சமாளிக்கலாம். அதைவிடப் பெரிய ஆர்டிஎக்ஸ் 3060 கார்ட்டுக்கு, அதன் கம்பனியான என்விடியா கேட்பது 550 வாட்ஸ் பவர் சப்ளை.

சரி, மாற்றத்தான் வேண்டுமா? டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020 போன்றவற்றில் மதர்போர்டுக்குப் போவது வழமையான 24 பின் இல்லை, 8 பின். 24 பின்னை 8 பின்னாக்கும் அடப்டர் வயரையும் சேர்த்து வாங்குங்கள். ஒடுக்கமான பெட்டிக்குள் கடையில் கிடைக்கும் சாதாரண அளவு (ஏடிஎக்ஸ்) சப்ளை போகாது. கார்ட்டும் லோ புரொபைலாக, அதாவது உயரம் குறைந்ததாக, இருக்க வேண்டும்.

அப்புறம், தூசு தட்டுவதற்கென்று பவர் சப்ளையின் மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றினாலும் கப்பாசிற்றரில் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து புளோவர் அடித்தால் போதும். எங்கள் கோடைப் புழுதிக்கு அதை அடிக்கடி செய்யலாம்.