கேமிங் மானிட்டரா, சாதாரண மானிட்டரா? வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் செய்ய வேண்டியவை

பகலில் நான் தமிழ் நூல்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் அதே மேசையில்தான் இரவில் என் மகன் வேலரண்ட் என்ற கணினி ஆட்டத்தை விளையாடுகிறான். பழைய மானிட்டர் பழுதானபோது இருவருக்கும் பொதுவாக 27 அங்குலத் திரையும் 144 ஹெர்ட்ஸ் வேகமும் கொண்ட கேமிங் மானிட்டர் ஒன்றை வாங்கினோம். முதல் வாரத்திலேயே எனக்குக் கண் வலிக்கத் தொடங்கியது. மகனுக்கோ பழைய திரைக்கும் புதிய திரைக்கும் வேறுபாடே தெரியவில்லை. இந்த இரண்டுக்கும் காரணங்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களை நீங்கள் செலவிட வேண்டியதில்லை என்பதற்காகவே இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. கேமிங் மானிட்டரும் சாதாரண மானிட்டரும் இருவேறு பொருள்கள் அல்ல. திரை ஒரு விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதே ஹெர்ட்ஸ் என்ற அளவு. சாதாரண மானிட்டர்கள் நெடுங்காலம் 60 ஹெர்ட்ஸில் இருந்தன. இப்போது அலுவலக மானிட்டர்கள் பலவும் 75 அல்லது 100 ஹெர்ட்ஸில் வருகின்றன. கேமிங் மானிட்டர் என்பது 144, 165, 240 என்று அந்த எண்ணை உயர்த்தி, கணினியில் படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டின் வேகத்துக்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதியையும் சேர்த்த மானிட்டர், அவ்வளவுதான்.

படி 1: யார், எதற்கு, எத்தனை மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு வாரத்துக்கு உங்கள் திரையின் முன் நடப்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். எங்கள் வீட்டில் எழுத்து வேலை நாளுக்கு எட்டு மணி நேரம், விளையாட்டு ஒன்றரை மணி நேரம். இந்தக் கணக்கை நான் முன்பே போட்டிருந்தால் முதல் மானிட்டரை வாங்கியிருக்கவே மாட்டேன்.

அடுத்து, கணினியில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கணினி ஒரு விநாடிக்கு 50 ஃபிரேம்களைத்தான், அதாவது 50 படங்களைத்தான், உருவாக்க முடியும் என்றால், 240 ஹெர்ட்ஸ் திரை வாங்குவதால் கூடுதல் ஃபிரேம்கள் பிறந்துவிடாது. வேலரண்ட் போன்ற இலகுவான ஆட்டங்கள் நடுத்தரக் கணினியிலேயே 144 ஃபிரேம்களைத் தாண்டும். பெரிய திறந்தவெளி ஆட்டங்கள் அப்படியல்ல.

எத்தனை ஹெர்ட்ஸ் போதும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லி விநாடி திரையில் நிற்கிறது. 144 ஹெர்ட்ஸில் 6.9, 240 ஹெர்ட்ஸில் 4.2. முதல் தாவலில் ஏறத்தாழ 10 மில்லி விநாடி மிச்சமாகிறது, அடுத்த தாவலிலோ மூன்றுகூட இல்லை. ஆகவே போட்டிகளில் விளையாடுபவர் அல்லாத எவருக்கும் 144 அல்லது 165 ஹெர்ட்ஸுக்கு மேல் பணம் செலவிடப் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 2: திரையின் அளவையும் பிக்சல்களையும் சேர்த்தே பாருங்கள்

என் கண்வலிக்குக் காரணம் இங்கே இருந்தது. நாங்கள் வாங்கிய 27 அங்குலத் திரையில் இருந்தவை 1920×1080 பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள். அதே எண்ணிக்கையிலான பிக்சல்கள் 24 அங்குலத் திரையில் இருந்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல்கள் அமையும். 27 அங்குலத்துக்கு அவற்றை இழுத்து விரிக்கும்போது அது 82 ஆகக் குறைந்துவிடுகிறது. ஆங்கில எழுத்துகள் இந்த அடர்த்தியைச் சமாளித்துவிடுகின்றன. தமிழ் எழுத்துகளுக்கு வளைவுகளும் சுழிகளும் அதிகம் என்பதால் அவை சமாளிப்பதில்லை. நூலின் வழக்கமான எழுத்தளவில் 'ன்' என்பதன் மேலுள்ள புள்ளி எனக்கு வட்டமாகத் தெரியாமல் சாம்பல் நிறக் கறையாகத் தெரிந்தது. 'ண', 'ன' இரண்டின் சுழிகளையும் எண்ணிப் பார்க்க முகத்தைத் திரையருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. மெய்ப்புப் பார்க்கும் ஒருவர் நாளெல்லாம் இப்படிக் குனிந்து நிமிர்ந்தால் கண்ணோடு கழுத்தும் சேர்ந்து வலிக்கும்.

எழுத்தோடு புழங்குபவர்களுக்கு என் கணிப்பு இதுதான்: 1920×1080 என்றால் 24 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560×1440 பிக்சல்களுக்குக் குறையாமல் வாங்குங்கள். அதில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 109 பிக்சல்கள் கிடைக்கும். விளையாட்டே இல்லாத வீட்டுக்கு 27 அங்குல 4கே (3840×2160 பிக்சல்) திரை இன்னும் நன்று. ஆனால் அதில் விண்டோஸின் எழுத்தளவை 150 விழுக்காட்டுக்கு உயர்த்தி வைக்க வேண்டும். பிக்சல்கள் கூடக் கூட கிராபிக்ஸ் கார்டின் சுமையும் கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: 1920×1080இல் ஏறத்தாழ 21 லட்சம் பிக்சல்கள், 2560×1440இல் 37 லட்சம், 4கேயில் 83 லட்சம்.

கடைக்குப் போகும்போது நீங்கள் அன்றாடம் படிக்கும் தமிழ்க் கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று, கடைக்காரரிடம் கேட்டு, அந்தத் திரையில் திறந்து பாருங்கள். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் வண்ணமயமான விளம்பரப் படங்களைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 3: திரையின் வகையைத் தேர்ந்தெடுங்கள்

வேலைக்கும் விளையாட்டுக்கும் பொதுவான திரை என்றால் ஐபிஎஸ் வகையையே வாங்குங்கள். டிஎன் வகை விலை குறைவு; ஆனால் சற்றுச் சாய்ந்து பார்த்தாலே நிறம் மாறிவிடும். விஏ வகையில் கருப்பு ஆழமாக இருப்பதால் இருட்டறையில் படம் பார்க்க அருமையாக இருக்கும். விலை குறைந்த விஏ திரைகளிலோ இருண்ட காட்சிகள் வேகமாக நகரும்போது பின்னால் ஒரு நிழல் இழுபடும். ஓஎல்இடி வகை வேகத்தில் எல்லாவற்றையும் விஞ்சியது. ஆனாலும் அதன் உள்பிக்சல்களின் (ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கும் நிறப்புள்ளிகளின்) அமைப்பு வேறுபட்டிருப்பதால் எழுத்துகளின் ஓரத்தில் நிறக்கசிவு தெரியக்கூடும் என்பதாலும், ஒரே மென்பொருள் சாளரத்தை நாள்முழுதும் திறந்து வைப்பவர்களுக்கு அதன் தடம் திரையில் நிலைத்துவிடும் வாய்ப்பு இருப்பதாலும், பக்க வடிவமைப்பு வேலைக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மானிட்டரின் தாங்கியையும் பாருங்கள். விலை குறைந்த கேமிங் மானிட்டர்கள் பலவற்றில் திரையைச் சாய்க்க மட்டுமே முடியும், உயர்த்தவோ தாழ்த்தவோ முடியாது. உயரம் மாற்றத்தக்க தாங்கிக்காக நான் கூடுதல் பணம் கொடுப்பேன். இல்லாவிட்டால் பின்புறம் 100×100 மில்லிமீட்டர் திருகுத்துளைகள் இருக்கின்றனவா என்றாவது பாருங்கள், பிறகு தனித் தாங்கி பொருத்திக்கொள்ளலாம்.

படி 4: பெட்டியில் உள்ள சொற்களைப் படிக்கும் முறை

ஒரு பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரமாகப் பெட்டியில் போடும் '1 மில்லி விநாடி' என்பது பெரும்பாலும் மிக வேகமான அமைப்பில் அளந்த எண். அந்த அமைப்பில் நகரும் பொருளைச் சுற்றி ஒரு வெளிர்நிழல் தோன்றும் என்பதால் அன்றாடம் அதைப் பயன்படுத்த முடியாது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'எம்பிஆர்டி' என்று இருந்தால், திரைக்குப் பின்னுள்ள விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டுப் பெறும் அளவு அது. அதை இயக்கினால் வெளிச்சம் குறைந்துவிடும்.

எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் முறை. அதற்கான 'டிஸ்ப்ளேஎச்டிஆர் 400' என்ற முத்திரைக்காகப் பணம் கூட்டிக் கொடுக்க வேண்டாம். பகுதி பகுதியாக விளக்கை மங்கச் செய்யும் வசதியை அந்தத் தரநிலை கட்டாயமாக்கவில்லை. அந்த வசதி இல்லாத எச்டிஆரில் கருப்பு கருப்பாகத் தெரியாது.

கார்டின் வேகத்துக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி என்று முதலில் சொன்னேனே, அதன் பெயர்களான ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் ஆகியவை படம் பாதியில் கிழிந்ததுபோல் தெரிவதைத் தவிர்ப்பவை. கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா 2013இல் தனிச் சில்லு ஒன்றுடன் ஜி-சிங்க்கை அறிவித்தது. அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் 2015இல் வந்தன. 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளும் ஃப்ரீசிங்க் வகை மானிட்டர்களோடு இயங்குவதால், ஜி-சிங்க் சில்லுக்கென்று தனியே செலவிடும் தேவை பெரும்பாலோருக்கு இல்லை.

படி 5: கேபிளைச் செருகியதோடு வேலை முடியவில்லை

என் மகனுக்கு வேறுபாடு தெரியாததற்குக் காரணம் எளியது. 144 ஹெர்ட்ஸ் திரையை நாங்கள் நான்கு மாதங்களும் 60 ஹெர்ட்ஸில் ஓட்டிக்கொண்டிருந்தோம். கீழே சொல்வதை இதே வரிசையில் செய்யுங்கள், ஏனெனில் முந்தையதைச் சரிசெய்யாமல் அடுத்தது வேலை செய்யாது.

முதலில், கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணினியின் பின்புறத்தில் மேலே, யூஎஸ்பி துளைகளுக்கு அருகே இருப்பது மதர்போர்டின் (கணினியின் முதன்மைப் பலகையின்) துளை. கார்டின் துளைகள் அதற்குக் கீழே தனியாகக் கிடைமட்டமாக இருக்கும்.

அடுத்து, எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிவிட்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைச் செருகுங்கள். எங்கள் மானிட்டரின் எச்டிஎம்ஐ துளை 120 ஹெர்ட்ஸுக்கு மேல் தராது என்று அதன் கையேட்டில் சிறிய எழுத்தில் இருந்தது. பழைய எச்டிஎம்ஐ 1.4 துளையில் 1920×1080க்குப் பெரும்பாலும் அதுதான் உச்சம்; 2.0 துளையானால் 2560×1440 திரையைக்கூட 144 ஹெர்ட்ஸில் ஓட்டலாம். துளையின் பதிப்பைத் தேடிக் களைத்துப்போவதைவிட டிஸ்ப்ளேபோர்ட்டைப் பயன்படுத்துவதே எளிது.

பிறகு விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற வரிசையில் சென்று, ரிஃப்ரெஷ் ரேட் பட்டியலைத் திறந்து, அதிலுள்ள உயர்ந்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள். சரியான கேபிளை மாற்றிய பின்பும் எங்கள் கணினியில் இது 60 என்றே நின்றது. நானாகத் தேர்ந்தெடுத்த பிறகுதான் மாறியது.

கடைசியாக, ஆட்டத்தின் உள்ளமைப்பில் ஃபிரேம் வரம்பு 60 என்று வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மகன் பழைய மானிட்டருக்காக வைத்த வரம்பு அப்படியே இருந்தது.

மாற்றம் வந்துவிட்டதா என்று அறிய, ஒரு பத்தி எழுத்துள்ள சாளரத்தைச் சுட்டியால் பிடித்து மெதுவாக இடம்வலமாக இழுத்துக்கொண்டே படித்துப் பாருங்கள். 60இல் எழுத்துகள் கலங்கிப்போகும். 144இல் சொற்களைக் கண் பின்தொடர முடியும். அன்று இரவு மகன் இரண்டு நிமிடம் விளையாடிவிட்டு, "அப்பா, என்ன பண்ணீங்க?" என்று கேட்டான்.

படி 6: வேலைக்கும் விளையாட்டுக்கும் தனித்தனி அமைப்பு

கேமிங் மானிட்டர்களில் நிறங்கள் தூக்கலாக இருக்கும். திரையில் கண்ட நூலட்டையின் சிவப்பு, அச்சில் செங்கல் நிறமாக வந்து எனக்குப் பாடம் கற்பித்தது. மானிட்டரின் அமைப்புப் பட்டியலில், நிறங்களைப் பொதுத்தரத்துக்கு அடக்கிக் காட்டும் 'எஸ்ஆர்ஜிபி' என்ற முறை இருந்தால் வேலை நேரத்தில் அதை வையுங்கள். பிக்சல்களின் நிறமாற்றத்தை வேகப்படுத்தும் ஓவர்டிரைவ் என்ற அமைப்பை நடுநிலையிலேயே விடுங்கள். விண்டோஸ் தேடலில் 'கிளியர்டைப்' என்று தட்டி, எழுத்துக் கூர்மையை ஒருமுறை சரிசெய்துகொள்ளுங்கள். நிர்மலா எழுத்துருவில் தமிழ் படிப்பவர்களுக்கு இதன் பயன் நன்றாகவே கண்ணில் படும்.

இப்போது எங்கள் மேசையில் இருப்பது 27 அங்குல, 2560×1440, 165 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் திரை. முதல் மானிட்டரைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். ஆறடி தள்ளி அமர்ந்து படம் பார்க்க அது மிக நன்றாகவே இருக்கிறது.

பின்சேர்க்கை

சோனியின் பிஎஸ் 5 விளையாட்டுக் கருவி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் 2560×1440 திரையை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். வாங்கலாம், 2022 செப்டம்பரில் வந்த மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு அந்தக் கருவி அந்த அளவை ஏற்கிறது.

மடிக்கணினியோடு இணைத்த இன்னொருவருக்குப் பட்டியலில் 60க்கு மேல் எண்ணே வரவில்லை. அவருடைய மடிக்கணினியின் யூஎஸ்பி-சி துளை டிஸ்ப்ளேபோர்ட்டையும் தாங்கியதால், அதற்குரிய கேபிள் வாங்கிச் செருகியதும் 144 வந்துவிட்டது. எல்லா யூஎஸ்பி-சி துளைகளும் படத்தை அனுப்பாது; கேபிள் வாங்கும் முன் கையேட்டைப் பாருங்கள்.

சென்ற மாதம் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த பிறகு எங்கள் திரையும் மீண்டும் 60க்கு இறங்கியிருந்தது. இப்போது ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் அந்த ரிஃப்ரெஷ் ரேட் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டே மகனிடம் கணினியைக் கொடுக்கிறேன்.