இரண்டு லீற்றர் யோகட் இருநூறு லீற்றர் ஆகும்போது

ஆய்வுகூடத்தில் இரண்டு லீற்றர் எருமைப்பாலில் குடிக்கும் யோகட் செய்தபோது ஒரு குறையும் இல்லை. 43 பாகையில் உறையவிட்டு, பிஎச் (புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4.6க்கு வந்ததும் ஐஸ் வாளிக்குள் இறக்கினால் கால் மணித்தியாலத்தில் ஆறிவிடும். அதையே மட்டக்களப்புப் படுவான்கரையில் 200 லீற்றர் தாங்கியில் செய்தோம். இரட்டைச் சுவருக்குள் கிணற்றுத் தண்ணீர் ஓடியது. இரண்டரை மணித்தியாலம் கழித்தும் உள்ளே 34 பாகை. உறைக் கிருமி அதுவரை சும்மா இருக்குமா? பிஎச் 4.2. வாயில் வைக்க முடியாத புளிப்பு, அவ்வளவையும் கொட்டினோம்.

பிழை உறையில் இல்லை. கொள்ளளவு நூறு மடங்காகும்போது, அதே வடிவத் தாங்கியின் சுவர்ப்பரப்பு ஏறக்குறைய 21 மடங்குதான் கூடும். அதோடு எங்கள் கிணற்று நீரே மத்தியானத்தில் 29 பாகை. அதை வைத்து 20 பாகைக்கு எப்படி இறக்குவது?

ஆகவே பைலட் பிளான்ட் (பெரிய ஆலைக்கு முந்திய சோதனை ஆலை) வரையமுதல், ஆய்வுகூடத்தில் சும்மா கிடைத்தவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: ஐஸ் வாளி, கரண்டி, கண்ணாடிக்குள் தெரிந்த பதம். பெரிய தாங்கியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமான் வேண்டும்.

அப்புறம் வேலையைத் தலைகீழாகச் செய்யுங்கள். பெரிய தாங்கி ஆற எவ்வளவு நேரமென்று கணக்குப் பார்த்து, இரண்டு லீற்றரை அதே வேகத்தில் ஆற்றிக் குடித்துப் பாருங்கள். ஒரு நாள் வேலைதான், நான் செய்யவில்லை. பிஎச் 4.8இலேயே ஆற்றத் தொடங்க வேண்டுமென்று பால் போன பிறகுதான் விளங்கியது.

காய்ச்சிய பாலை 90இலிருந்து 43க்கு இறக்கக் கிணற்று நீரே போதும். அதற்குக் கீழேதான் ஐஸ் தண்ணீர். 200 லீற்றரை 20 பாகைக்குக் கொண்டுவர ஐம்பது கிலோவுக்கு மேல் ஐஸ் பிடிக்கும். வாழைச்சேனையில் மீனுக்கு வாங்கும் அதே ஐஸ், சுவருக்கு வெளியேதான் சுற்றுகிறது, பயமில்லை.

கலக்கியின் வேகத்தை அப்படியே கொண்டுபோகாதீர்கள். சிறியதில் நிமிடத்துக்கு 300 சுற்று என்றால், பெரியதில் 65க்கும் 110க்கும் இடையில் எங்கோ இருக்கும். வேகம் மாற்றக்கூடிய மோட்டரே வாங்குங்கள். வெப்பமானி சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று. எங்கள் முதல் தாங்கியில் சுவரோரம் மட்டும்தான் இருந்தது, அது காட்டிய எண்ணை நம்பித்தான் இருந்தோம்.

வடிகுழாயை அடியின் ஆகத் தாழ்ந்த இடத்தில் வையுங்கள். எங்களுடையது இரண்டு விரல் மேலே; ஒவ்வொரு முறையும் மிச்சத்தைக் கோப்பையால் அள்ளுகிறோம்.